போனைப் பிடுங்கிய பிறகு

எங்கள் தெருவில் ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்குப் பேருந்து என்றால் உயிர். டவுன் பஸ், மொஃபசல், ஆம்னி என்று வகை பிரிப்பான். திண்ணையில் உட்கார்ந்தபடியே ஹாரன் சத்தத்தை வைத்து வருவது தனியார் வண்டியா அரசு வண்டியா என்று சொல்லிவிடுவான். கரூரில் கட்டிய பாடிகளை முகப்பின் வளைவைப் பார்த்தே இனம் காண்பான். செருப்புப் பெட்டியை அறுத்து, ஐஸ் குச்சியால் படிக்கட்டு வைத்து அவன் செய்த வண்டிகள் நான்கு, அவர்கள் வீட்டு பீரோவின் மேல் வரிசையாக நிற்கின்றன. இதே பையன் பள்ளி விட்டு வந்து அம்மாவின் போனில் பேருந்து ஓட்டும் விளையாட்டைத் திறந்தால் இரண்டு மணி நேரத்துக்கு எழுந்திருப்பதில்லை. அது முடிந்தால் பஸ் வீடியோக்கள். "குடுத்தா கீழ வைக்க மாட்டேங்கிறான். பிடுங்கி வச்சா மூஞ்சியத் தூக்கிக்கிட்டு மூலையில உட்கார்ந்துக்கிறான். நான் என்னதாண்ணே பண்றது?" என்று அவன் அம்மா ஒருநாள் கேட்டார்.

திரை நேரத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி 'எத்தனை மணி நேரம்' என்ற கேள்வியைச் சுற்றியே நிற்கிறது. ஒரு குழந்தைக்கு எதிலே ஆசை பிறக்கிறது, அது எப்படி வேர் பிடிக்கிறது, எதனால் பட்டுப்போகிறது என்பதை ஆராய்ந்தவர்கள் வேறொரு பக்கம், நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எழுதி வருகிறார்கள். இந்த இரண்டு வகை எழுத்தையும் சேர்த்து வைத்துப் படித்தால்தான் அந்தத் தாய்க்குப் பதில் சொல்ல முடியும்.

முதலில் மருத்துவர்கள் சொல்வது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தொலைக்காட்சி வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 1999இலேயே சொன்னது. 2016இல் அதைத் திருத்தியது: ஒன்றரை வயதுவரை வீடியோ அழைப்பைத் தவிர வேறு திரை வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரம், அதுவும் தரமானதை, பெரியவர் கூட உட்கார்ந்து. ஆறு வயதுக்கு மேல் அந்தக் கழகம் எண் எதுவும் சொல்லாமல், வரம்பை வீடே முடிவு செய்து அதை மாற்றாமல் கடைப்பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஒரு வயதுக்குள் திரையே கூடாது என்றும், இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மிகக் கூடாது என்றும் வரையறுத்தது. ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தை நாளுக்கு மூன்று மணி நேரம் ஓடியாடி இருக்க வேண்டும் என்பதும் அதே ஆவணத்தில் இருக்கிறது. செய்திகளில் திரை வரம்பு வந்த அளவுக்கு இந்த மூன்று மணி நேரம் வரவில்லை. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டி, ஐந்து முதல் பத்து வயதுவரை இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக என்கிறது.

மிகச் சிறு வயதில் இந்தக் கண்டிப்புக்கு வலுவான காரணம் உண்டு. பட்ரீசியா குல் என்ற ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட சோதனையில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுபவர்கள் நான்கு வாரங்களில் பன்னிரண்டு முறை நேரில் உட்கார்ந்து கதை படித்துக் காட்டினார்கள், பொம்மை வைத்து விளையாடினார்கள். அந்தக் குழந்தைகள் சீன மொழியின் ஒலி வேறுபாடுகளைப் பிடித்துக்கொண்டன. அதே ஆட்கள் அதே பேச்சைப் பேசும் காணொளியைப் பார்த்த குழந்தைகள் எதையும் கற்கவில்லை. பேசும் முகம் தன்னைப் பார்த்துப் பேசுகிறதா, தான் சிணுங்கினால் நிற்கிறதா, சிரித்தால் சிரிக்கிறதா என்பதைக் குழந்தை அறியும். சற்றே பெரிய குழந்தைகளிடம், இரண்டு, இரண்டரை வயதில், 2014இல் நடந்த இன்னொரு ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. வீடியோ அழைப்பில் ஆள் உடனுக்குடன் பதில் பேசும்போது அவர்கள் புதுச் சொற்களைக் கற்றார்கள். பதிவு செய்த காணொளியிலிருந்து கற்கவில்லை. இரண்டிலும் இருந்தது திரைதான். பதில் சொல்லும் மனிதர் ஒன்றில் இருந்தார், மற்றதில் இல்லை. துபாயிலிருந்து பேசும் அப்பாவும் ஊரிலிருந்து பேசும் ஆச்சியும் திரை நேரக் கணக்கில் வரமாட்டார்கள் என்று மருத்துவர்கள் விலக்களித்ததன் பொருள் இதுதான்.

நம் வீடுகளில் திரை முதலில் நுழைவது சோற்றுத் தட்டோடு. "செல்லு குடுத்தாத்தான் ரெண்டு வாய் இறங்குது" என்று சொல்லாத தாய் அரிது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு கையில் தட்டும் மறு கையில் குழந்தையுமாக, மாற்றிவிட ஆளில்லாத வீட்டில் அந்த அரைமணி நேரம் என்னவென்று ஊட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பழக்கம் எதை எடுத்துக்கொண்டு போகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். நிலாவையும் காக்காவையும் காட்டி ஊட்டியபோது குழந்தை விரல் நீட்டியது, அம்மா பெயர் சொன்னாள், குழந்தை திருப்பிச் சொல்லிப் பார்த்தது. ஆசை என்பது அங்கே, அந்த நீட்டிய விரலில்தான் தொடங்குகிறது. யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் சீரியலுக்கும் இந்தக் குற்றத்தில் பங்குண்டு: பின்னணியில் தொலைக்காட்சி ஓடும்போது பெற்றோர் குழந்தையோடு பேசுவது குறைகிறது, பேசும் பேச்சின் தரமும் குறைகிறது என்பதை 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள்.

கண்ணைப் பற்றி உறுதியான சான்று இருக்கிறது. சீனாவின் குவாங்சோ நகரில் பன்னிரண்டு தொடக்கப்பள்ளிகளை எடுத்து, பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை நாள்தோறும் கூடுதலாக நாற்பது நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, வெளியே போன பிள்ளைகளில் 30.4 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. போகாத பிள்ளைகளில் 39.5 விழுக்காடு. வெளிச்சம் பட்டால் விழித்திரையில் சுரக்கும் டோபமைன், கண்விழி நீண்டு வளர்வதைத் தடுக்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். அந்தப் பள்ளிகளில் யாரும் திரையைக் குறைக்கச் சொல்லவில்லை. வெயிலைக் கூட்டினார்கள், அவ்வளவுதான். தூக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: படுக்கையறைக்குள் போன் வரக்கூடாது, அது எந்த வயதானாலும்.

பதின்ம வயதை நெருங்க நெருங்கச் சான்றுகள் கலங்கிப் போகின்றன. ஏமி ஆர்பனும் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் 2019இல் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்ம வயதினரின் தரவுகளை ஆராய்ந்தார்கள். அவர்களுடைய மனநலத்தில் தென்படும் வேறுபாட்டில் டிஜிட்டல் பயன்பாட்டோடு தொடர்புடையது அதிகபட்சம் 0.4 விழுக்காடு என்று கண்டார்கள். இதைப் பிடித்துக்கொண்டு, பெற்றோர் வீணாகப் பதறுகிறார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஏற்பாக இல்லை. லட்சக்கணக்கான பிள்ளைகளின் சராசரியில், இரவு இரண்டு மணிவரை விளையாடிவிட்டு வகுப்பில் தலை சாயும் ஒருவனும், போனில் வீணைப் பாடம் கேட்கும் ஒருத்தியும் ஒருவரையொருவர் ஈடுகட்டிவிடுகிறார்கள். முதலாமவன் உண்மையில் இருக்கிறான். அவனைப் போன்றவர்களுக்காகவே பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014இல் தனிப் பிரிவு தொடங்கியது. உலக சுகாதார நிறுவனமும் விளையாட்டு அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. ஆர்பன், ஷிபில்ஸ்கி ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, மணிக்கணக்கு மட்டும் நமக்கு ஒன்றும் சொல்லாது என்பதுதான்.

அரசுகள் மணிக்கணக்கையும் வயதையும்தான் பிடித்துக்கொண்டன. சீனா 2021இல் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் இணைய விளையாட்டை வெள்ளி, சனி, ஞாயிறுகளிலும் விடுமுறை நாட்களிலும் இரவு எட்டிலிருந்து ஒன்பதுவரை மட்டுமே ஆடலாம் என்றது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. ஆஸ்திரேலியாவைப்போல் நிறுவனங்களைப் பொறுப்பாளியாக்குவதில் எனக்கு உடன்பாடு உண்டு. ஒரு வீடியோ முடியும் முன் அடுத்தது தானாக ஓடுவதும், அடியே தட்டுப்படாமல் பக்கம் கீழே போய்க்கொண்டே இருப்பதும் ஆட்கள் யோசித்து வடிவமைத்தவை. கெட்டிக்காரப் பொறியாளர்கள் கூட்டத்துக்கு எதிரே ஒன்பது வயதுப் பையனை உட்காரவைத்துவிட்டு, 'உனக்குக் கட்டுப்பாடு இல்லை' என்று திட்டுவது நியாயமில்லை.

இனி மறுபக்கம்: ஆசை எப்படிப் பிறக்கிறது என்பது. 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ குடியிருப்பில் மரியா மாண்டிசோரி நடத்திய குழந்தைகள் இல்லத்தில், மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அதனதன் குழியில் பொருத்திக்கொண்டிருந்தாள். பொருத்துவாள், எடுப்பாள், மறுபடி பொருத்துவாள். மற்றக் குழந்தைகளைச் சுற்றிலும் பாடவைத்தும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியை அப்படியே தூக்கி மேசைமேல் வைத்தார் மாண்டிசோரி. உருளைகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்தபின் தானாகவே நிறுத்தி, நல்ல தூக்கத்திலிருந்து எழுந்தவளைப்போல் முகம் மலர்ந்து சுற்றிலும் பார்த்தாள். மாண்டிசோரியின் கல்விமுறை முழுவதும் இந்தக் காட்சியின் விரிவுரை என்று சொல்லலாம். அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். போர் மூண்டதால் இத்தாலியரான அவரால் திரும்ப முடியாமல், 1946வரை இந்தியாவிலேயே தங்கினார். அதில் சுமார் இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில். குழந்தைக்குச் செடி, பூச்சி, கல், நட்சத்திரம் எல்லாம் ஒரே கதையாக விரியும் கல்வி என்று பிற்பாடு அவர் எழுதியது அந்த மலைக்காட்டுக் குழந்தைகளோடு இருந்தபோது உருவானது. இந்தக் கேள்வியின் வரலாற்றில் தமிழ்நாட்டு மண்ணுக்கும் ஓர் இடம் இருக்கிறது.

அந்தச் சிறுமி முடித்தபோது எப்படி இருந்தாள் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இரண்டு மணி நேரம் ரீல்ஸ் பார்த்துவிட்டு எழும் பிள்ளையின் முகத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரும் அசையாமல்தான் இருந்தார்கள். ஒருத்தி நிறைந்து நிறுத்தினாள். மற்றப் பிள்ளை நிறுத்தவே இல்லை, பேட்டரி தீர்ந்தது அல்லது அம்மா பிடுங்கினார். பெற்றோருக்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது.

ஆசை பிறந்தபின் அதற்கு என்ன ஆகிறது? மாண்டிசோரி இல்லம் தொடங்கிய அதே 1907இல், சுவிட்சர்லாந்தில் பத்து வயதைத் தாண்டியிருந்த ஜான் பியாஜே, தான் பார்த்த வெளிறிய சிட்டுக்குருவி ஒன்றைப் பற்றிச் சிறு குறிப்பு எழுதி அச்சேற்றினான். உள்ளூர் அருங்காட்சியகத் தலைவர் பால் கோதே அந்தச் சிறுவனை அழைத்து, சிப்பி நத்தைகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டும் வேலையில் சேர்த்துக்கொண்டார். ஏறக்குறைய அதே நாட்களில் பம்பாயில் சாலிம் அலி என்ற சிறுவன் காற்றுத்துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டுவிட்டு, அதன் தொண்டையில் மஞ்சள் திட்டைக் கண்டு குழம்பி மாமாவிடம் கேட்டான். மாமா அவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே செயலாளர் மில்லர்டு அந்தப் பறவையின் பெயரைச் சொன்னார். அத்தோடு நிறுத்தாமல், பாடம் செய்த பறவைகள் இருந்த இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார், புத்தகங்கள் கொடுத்தார். ஒருவர் குழந்தை மனத்தை ஆராய்ந்த அறிஞரானார், மற்றவர் இந்தியப் பறவையியலின் முன்னோடியானார். இரண்டு கதையிலும் குருவியைவிட முக்கியமானவர், சிறுவனின் கேள்வியைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளாத அந்தப் பெரியவர்.

சூசான் ஹிடி, ஆன் ரெனிங்கர் என்ற இரு ஆய்வாளர்கள் 2006இல் இதற்கு ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார்கள். ஆர்வம் நான்கு நிலைகளில் வளர்கிறது: ஏதோ ஒன்று சட்டென்று பொறி தட்டுவது, அந்தச் சூழல் இருக்கும்வரை அது நீடிப்பது, தானாகவே அதைத் தேடிப் போகத் தொடங்குவது, நன்கு வேர் பிடித்த ஆர்வமாவது. ஆதரவு கிடைக்காவிட்டால் எந்த நிலையிலும் அது தேயலாம், அணையலாம். இந்தப் படத்தின்மேல் போனை வைத்துப் பார்த்தால் அதன் பலமும் பலவீனமும் துலங்கும். முதல் பொறியைத் தட்டுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆழ்கடல் மீனையும் எரிமலையையும் எந்தத் தெருவிலும் காட்டும். ஆனால் ஒரு பொறி பற்றுமுன் அடுத்ததைத் தட்டிவிடும். இரண்டாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்குப் போக ஒரு மனிதரின் பதிலும், சும்மா இருக்கும் பொழுதும் வேண்டும். பதிலை அது ஒருமாதிரி தருகிறது. பொழுதை முழுதாகத் தின்றுவிடுகிறது.

"போரடிக்குது" என்று பிள்ளை வந்து நிற்கும்போது நாம் கொடுக்கும் போன், அந்தப் பொழுதைத்தான் பறிக்கிறது. அந்தச் சலிப்பைக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டால் கை எதையாவது தேடும். பீரோமேல் நிற்கும் நான்கு பேருந்துகளும் மின்வெட்டும் காய்ச்சல் விடுப்பும் தந்தவை என்று அந்தப் பையனே சொன்னான்.

போன் மட்டும்தான் திருடன் என்று சொன்னால் அது நேர்மையாகாது. ஆறாம் வகுப்பிலேயே பள்ளி, அது முடிந்து டியூஷன், சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ், ஞாயிற்றுக்கிழமை அபாகஸ். விளையாட்டு பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். இப்படிப் பகல் முழுவதும் மற்றவர் சொன்னபடி இருந்த பிள்ளைக்கு, தன் விருப்பப்படி விரலை அசைக்க முடிகிற ஒரே இடம் இரவு எட்டரை மணிக்குக் கையில் கிடைக்கும் போன்தான். நேரப்பட்டியலைத் தொடாமல் போனை மட்டும் வாங்கி வைத்தால் அங்கே ஆசை முளைக்காது; கோபம்தான் முளைக்கும்.

ஆசையைக் கண்டுகொண்ட பெற்றோர் செய்யும் பிழை இன்னொன்று. பெண் நன்றாக வரைகிறாள் என்றால் மறுவாரமே டிராயிங் கிளாஸ், போட்டி, சான்றிதழ். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் நடந்து 1973இல் வெளியான ஒரு சோதனையை இங்கே நினைவில் வைக்க வேண்டும். வண்ணப் பேனாவால் வரைவதில் தாமாகவே ஆசை கொண்ட பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் விருது உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்து விருதில்லாமல் பேனாக்களை வைத்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடப் பாதியளவு நேரமே வரைந்தார்கள். "இருபது பக்கம் படிச்சா அரைமணி நேரம் போன்" என்று நாம் பேசும் பேரமும் இதே வேலையைச் செய்கிறது: புத்தகம் கட்டவேண்டிய வரியாகிவிடுகிறது, போன் பரிசாகிவிடுகிறது. போனைப் பரிசாகவும் தண்டனையாகவும் பயன்படுத்தாதிருப்பதே அதன் மவுசைக் குறைக்கும் முதல் வழி.

ஆசை முற்றினால் படிப்பு கெட்டுவிடுமே என்ற பயம் வெறும் பயமல்ல. கும்பகோணத்தில் ராமானுஜன் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கைவிட்டு, கல்லூரி உதவித்தொகையை இழந்தார். ஆனால் ஆசை மற்றப் படிப்புக்கு வாசலாவதும் உண்டு. லோகோ கணினி மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பாப்பர்ட், குழந்தைப் பருவத்தில் வண்டிகளின் பற்சக்கரங்களில் மனத்தைப் பறிகொடுத்தவர். வாய்ப்பாட்டையும் சமன்பாட்டையும் மனத்துக்குள் பற்சக்கரங்களைச் சுழற்றியே புரிந்துகொண்டதாக 1980இல் எழுதினார். இதைப் படித்துவிட்டு எல்லாப் பிள்ளைக்கும் பற்சக்கரப் பெட்டி வாங்கிக் கொடுத்தால் பயனில்லை என்றும் அவரே சொன்னார். தான் அவற்றைக் காதலித்ததுதான் காரியம்.

திரை அந்தக் காதலுக்கு ஏவல் செய்யும் இடங்களும் நம்மிடையே இருக்கின்றன. பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் பள்ளிப் பிள்ளைகள் ஏரிக்கரையிலோ மொட்டைமாடியிலோ குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி, போனில் பட்டியலை ஏற்றுகிறார்கள். போன் வெளியே வருவது கண் பார்த்து முடித்த பிறகு.

இவையெல்லாம் எல்லா வீட்டுக்கும் ஒன்றுபோல் எட்டாது. 2024இன் அசர் (ASER) கல்வி ஆய்வின்படி, கிராமப்புற இந்தியாவில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் தெருவில் விளையாட்டுத் திடலோ நூலகமோ இருக்கிறது? மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகள் பிரிவில் தரையில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கையில் மனம் குளிரும். அதே சமயம், பேருந்து மாறி இரண்டு மணி நேரம் வர வேண்டிய பிள்ளையின் ஞாபகமும் வரும். பெண்பிள்ளைகள் நிலை இன்னும் நெருக்கம். வயதுக்கு வந்ததும் தெரு விளையாட்டு நின்றுவிடுகிறது, போனும் அண்ணன் கைக்குப் போகிறது. அவளிடம் திரையைக் குறைக்கச் சொல்வதற்கு முன்னால் கதவைத் திறந்துவிட வேண்டும்.

அந்தத் தாயிடம் நான் சொன்னது மூன்றே விஷயம். சாப்பாட்டு நேரத்திலும் படுக்கும் நேரத்திலும் போன் கிடையாது, அப்பாவுக்கும் சேர்த்து. விளையாட்டுக்கு ஒரு மணி நேரம், தினமும் அதே நேரம், அதைக் கெஞ்சினாலும் கூட்டாதே, கோபம் வந்தாலும் குறைக்காதே. ஞாயிற்றுக்கிழமை யாராவது அவனை நிஜ வண்டியிடம் கூட்டிப்போங்கள்.

அவன் மாமாவுக்குத் தெரிந்த பாடி கட்டும் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே வெல்டிங் வேலை செய்யும் பெரியவர் ஒருவர், தோல் இன்னும் போர்த்தாத வண்டியின் எலும்புக்கூட்டைச் சுற்றிக் காட்டி, படிக்கட்டின் முதல் படி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அவனையே அளக்கவிட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்தவன் ஐந்தாவது வண்டியைத் தொடங்கினான், இந்த முறை அளவெடுத்து. நடுவில் அம்மாவின் போனைக் கேட்டு வாங்கி, பின் சக்கரங்கள் மட்டும் ஏன் இரட்டையாக இருக்கின்றன என்று தேடினான். பத்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டான். பசை காய்வதற்குள் படியை ஒட்டியாக வேண்டியிருந்தது.